பால், தயிர், நெய் இல்லாத கொல்லைச் சமையல்: ஆடி விதைப்பு முதல் மாசி வத்தல் வரை

நம் ஊர்ச் சமையலை வீகனாக, அதாவது பால்பொருள் உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் இல்லாததாக, மாற்றுவது பெரிய வேலை இல்லை. சாம்பார், ரசம், புளிக்குழம்பு, பொரியல், துவையல், இட்லி, தோசை எதிலும் பால்பொருள் கிடையாது, தாளிக்க நெய் எடுத்தால்தான் உண்டு. சிக்கல் வருவது சில இடங்களில் மட்டும்: மோர்க்குழம்பு, அவியல், பச்சடி, தயிர்சாதம், பருப்புச் சோற்றின் மேல் விடும் நெய், பாயசம். யாரும் யோசிக்காத இடங்களும் இரண்டு உண்டு. வாழைத்தண்டு நறுக்கிப் போடும் மோர்த்தண்ணீர் ஒன்று, வத்தல் ஊறவைக்கும் புளித்த மோர் இன்னொன்று.

தயிரை எடுத்துவிட்டு அதே நிறத்தில் வேறு எதையாவது ஊற்றினால் குழம்பு உருப்படாது. தயிர் அங்கே என்ன வேலை பார்த்தது, புளிப்பா, கொழுப்பா, கெட்டித்தன்மையா என்று பார்த்து, அந்த வேலையை வேறொன்றிடம் கொடுக்க வேண்டும். கொல்லைக் காய்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. கடையில் வாங்கும் காய் பெரும்பாலும் ஒரே வயதில் இருக்கும். செடியில் இருந்து பறிப்பது அப்படி வராது. பிஞ்சு இரண்டு, முற்றல் ஒன்று, நடுத்தரம் மூன்று என்று வரும். எது எந்தச் சட்டிக்குப் போகவேண்டும் என்பதைப் பறிக்கும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது.

கீழே உள்ள அளவுகள் 4 பேருக்கு. டம்ளர் என்றால் 200 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி.

பறிக்கும்போது

ஆடிப்பட்டத்தில் போட்ட வெண்டை 45 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். பூ விரிந்த ஐந்தாறு நாளில் காய் பதம். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும், இரண்டு நாள் தவறினால் நார் ஓடிவிடும். நுனியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் முற்றல். முற்றிய வெண்டையைப் பொரியலில் போட்டால் எவ்வளவு வதக்கினாலும் வாயில் சக்கை நிற்கும். அதைப் பிளந்து உள்ளே இருக்கும் வெள்ளை விதையை மட்டும் சாம்பாரில் போடலாம், நன்றாகவே இருக்கும். விதை கறுக்கத் தொடங்கிவிட்டால் செடியிலேயே விட்டு அடுத்த பட்டத்துக்கு விதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பீர்க்கை, சுரை, புடலை, வெள்ளரி நான்கிலும் நறுக்கும் முன் ஒரு பழக்கம் வேண்டும்: காம்புப் பக்கம் ஒரு சின்னத் துண்டு வெட்டிப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்த்து, துப்பிவிடுங்கள். கசந்தால் முழுக் காயையும் குப்பைக்குழியில் போட்டுவிட வேண்டும். அந்தக் கசப்பு குக்குர்பிட்டசின் என்ற பொருள். வேகவைத்தாலும் போகாது, உப்புப் போட்டாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுக்கவைத்துவிடும். கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் உண்டு. பாகற்காய்க் கசப்பு வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

கத்தரியில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் உள்ளே காய்ப்புழு. முழுசாகத் தாளிக்கும் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதை எடுக்காதீர்கள், நறுக்கிப் பார்த்து நல்ல பாகத்தைக் கூட்டுக்குத் தள்ளுங்கள். நறுக்கிய கத்தரியையும் வாழைத்தண்டையும் மோரில் போடத் தேவையில்லை. அரிசி களைந்த இரண்டாம் கழுநீரில் ஒரு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து அதில் போட்டால் கறுக்காது.

நாலு வெண்டை, இரண்டு கத்தரி, ஒரு பிடி அவரை

சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரே காய் கால் கிலோ சேர்ந்து கிடைப்பது அபூர்வம். கதம்ப சாம்பாரும் கூட்டும் அதற்காகவே இருக்கின்றன. ஆனால் எல்லாக் காயையும் ஒன்றாகக் கொட்டினால் முருங்கை வேகும்போது பீர்க்கை கரைந்திருக்கும். மூடிய பாத்திரத்தில், மிதமான தீயில், முருங்கைக்கு 10 முதல் 12 நிமிடம். அவரை, கொத்தவரை, பரங்கிக்கு 7, 8 நிமிடம். கத்தரிக்கு 6. பீர்க்கை, புடலைப் பிஞ்சுக்கு 4 போதும். கடைசிக் காயில் இருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொன்றாகப் போட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் பதமாக நிற்கும்.

புளி எப்போது ஊற்றுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். புளிப்பு பட்டால் பருப்பும் காயும் மிருதுவாவது நின்றுவிடும். அவரைக்காயைப் புளித்தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டாலும் விறைப்பாகவே இருக்கும். எனவே காய் முக்கால் பதம் வெந்தபின் புளி. வெண்டைக்கு மட்டும் இந்த விதி தலைகீழ். அதன் கொழகொழப்பைப் புளிப்பு அடக்கும் என்பதால் வதக்கும்போதே ஒரு மேசைக்கரண்டி புளித்தண்ணீர் தெளிக்கலாம். சேப்பங்கிழங்கு, கருணை இரண்டையும் புளி சேர்த்தே வேகவைப்பது வேறு காரணத்துக்கு: நமைச்சல் குறைய.

கதம்ப சாம்பார் 4 பேருக்கு: அரை டம்ளர் துவரம்பருப்பு, எல்லாம் சேர்ந்து 400 கிராம் காய், சின்ன எலுமிச்சை அளவு புளி, ஒன்றரை மேசைக்கரண்டி சாம்பார்ப்பொடி, பத்து சின்ன வெங்காயம். பருப்பை மஞ்சளும் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயும் விட்டுத் தனியே குழைய வேகவையுங்கள். வெண்டையைத் தனியே வதக்கி இறக்கும்போதுதான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சாம்பார் முழுக்க நூல் நூலாக இழுக்கும்.

வெண்டைப் பொரியலுக்கும் அதே எச்சரிக்கை. கழுவித் துணியில் ஒற்றி ஈரம் போனபின் நறுக்குங்கள், ஒரு சென்டிமீட்டர் கனம். கால் கிலோவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி கடலெண்ணெய், அகலமான இரும்புச் சட்டி. மூடி போடாதீர்கள், மூடியில் சேரும் ஆவி திரும்பச் சொட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டினால் போதும், கிண்டிக்கொண்டே இருந்தால் கொழகொழப்பு வெளியே வரும். உப்பு கடைசி இரண்டு நிமிடத்தில்.

பீர்க்கை இரண்டு கறி தரும் காய். தோலைச் சீவி வீசுகிறவர்கள் பாதிக் காயை வீசுகிறார்கள். நரம்பு முனைகளை மட்டும் மேலோட்டமாகச் சீவித் தள்ளிவிட்டு, உள்தோலைச் சற்றுக் கனமாகச் சீவி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தோலுக்கு இரண்டு தேக்கரண்டி உளுந்து, மூன்று வரமிளகாய், கால் டம்ளர் தேங்காய்த் துருவல், சுண்டைக்காய் அளவு புளி. உளுந்தும் மிளகாயும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் சிவக்கட்டும். அதே எண்ணெயில் தோலைச் சுருளச் சுருள, ஆறேழு நிமிடம் வதக்குங்கள். பச்சை வாடை போகாமல் அரைத்தால் துவையல் புல்லை அரைத்தது போல இருக்கும். அரைக்கும்போது தண்ணீர் இரண்டு மூன்று கரண்டிக்கு மேல் வேண்டாம், தோலிலேயே ஈரம் இருக்கிறது. சதையைப் பாசிப்பருப்புக் கூட்டாக்கலாம். அதற்கும் தண்ணீர் ஊற்ற வேண்டாம், உப்புப் பட்டதும் காயே தண்ணீர் விடும்.

மோர்க்குழம்பில் மோர் பார்த்த வேலை

மோர்க்குழம்பின் கெட்டித்தன்மை தயிரால் வருவதாக நினைக்கிறோம். பெரும்பகுதி ஊறவைத்து அரைக்கும் துவரம்பருப்பும் பச்சரிசியும் தேங்காயும் தருவது. தயிர் கொடுப்பது புளிப்பும் கொஞ்சம் கொழுப்பும்தான். கொழுப்புக்குத் தேங்காய்ப்பால் போதும். புளிப்புக்குப் பருவத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: சித்திரை, வைகாசியில் மாங்காய், ஆடிக்குப் பிறகு எலுமிச்சை, கார்த்திகைக்கு மேல் பெருநெல்லி. புளி மட்டும் வேண்டாம். நிறமும் கெடும், மணமும் சாம்பார்ப் பக்கம் போய்விடும்.

ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பு, ஒரு தேக்கரண்டி பச்சரிசி இரண்டையும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். அரை டம்ளர் தேங்காய்த் துருவல், 3 பச்சைமிளகாய், ஒரு தேக்கரண்டி சீரகம், சிறு துண்டு இஞ்சி சேர்த்து வெண்ணெய் போல அரைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ வெண்பூசணியை ஒரு டம்ளர் தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, அரைத்த விழுதும் ஒன்றரை டம்ளர் தண்ணீரும் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் கொதிக்க வேண்டும், பருப்பின் பச்சை வாடை போவதுதான் அடையாளம். தயிர்க் குழம்பு என்றால் நுரை கட்டியதும் பயந்து இறக்குவோம். இதில் அந்தப் பயமே இல்லை, நன்றாகவே கொதிக்கவிடலாம். அடுப்பை அணைத்தபின் கால் டம்ளர் கெட்டித் தேங்காய்ப்பால். ஐந்து நிமிடம் ஆறியபின் ஒரு எலுமிச்சையின் சாறு. கொதிக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் கசப்பு ஏறும். நெல்லி என்றால் கொட்டை நீக்கிய மூன்று காய்களைத் தேங்காயோடு சேர்த்தே அரைத்துவிடலாம். லேசான துவர்ப்பு இருக்கும், வெண்டைக்கு அது பொருத்தம். தாளிக்கத் தேங்காயெண்ணெய், கடுகு, கால் தேக்கரண்டி வெந்தயம், வரமிளகாய், கறிவேப்பிலை.

தயிர்சாதத்துக்கும் பச்சடிக்கும் தயிரேதான் வேண்டும் என்றால் நிலக்கடலைத் தயிர். பச்சை நிலக்கடலை ஒரு டம்ளரை 8 மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, 3 டம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். அந்தப் பாலை 8 முதல் 10 நிமிடம் கிண்டிக்கொண்டே காய்ச்ச வேண்டும். விட்டால் அடிப்பிடிக்கும், காய்ச்சாவிட்டால் பச்சைக்கடலை வாடை நிற்கும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பத்து பச்சைமிளகாயின் காம்புகளைத் தொப்பியோடு போட்டு மூடுங்கள். வெயில் காலத்தில் 8 முதல் 10 மணி நேரம், மார்கழிக் குளிரில் 12க்கு மேலும் ஆகும். முதல் தடவை உறைவது காரவாடையோடு ஒரு மாதிரி இருக்கும். அது சாப்பிட இல்லை, உறைக்கு. அதில் இரண்டு தேக்கரண்டி எடுத்து அடுத்த பாலில் போட்டால்தான் சரியான தயிர். மேலே இளஞ்சிவப்போ கறுப்போ படர்ந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இந்தத் தயிரைக் கொதிக்கும் குழம்பில் ஊற்ற வேண்டாம், திரிந்து மணல் மணலாக நிற்கும்.

அவியலுக்கு இந்தப் பாடே வேண்டாம். காயோடு நாலு துண்டு மாங்காய், அது இல்லாத மாதத்தில் கெட்டிப் புளித்தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி. இறக்கியபின் பச்சைத் தேங்காயெண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி விட்டுக் கறிவேப்பிலை கசக்கிப் போட்டு மூடிவைத்தால் தயிர் இல்லாதது தெரியாது.

தேங்காய்ப்பால் ஏன் திரிகிறது

திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்தில் போடும் சொதி பிறப்பிலேயே வீகன். அதைச் சரியாக வைக்கக் கற்றுக்கொண்டால் தேங்காய்ப்பால் சேர்க்கும் எல்லாக் கறியும் கைவந்துவிடும். ஒரு பெரிய தேங்காயை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து முதல்பால் ஒரு டம்ளர், பிறகு இரண்டாம், மூன்றாம் பால் ஒன்றரை டம்ளர் வீதம் தனித்தனியே பிழிந்துகொள்ளுங்கள். கால் டம்ளர் பாசிப்பருப்பை லேசாக வறுத்துக் குழைய வேகவையுங்கள். முருங்கை, பீன்ஸ், கேரட், உருளை, பட்டாணி, சின்ன வெங்காயம் எல்லாம் 400 கிராம், மூன்றாம் பாலில் வேகட்டும். வெந்ததும் ஐந்து பச்சைமிளகாயும் விரல்நீள இஞ்சியும் அரைத்த விழுது, பருப்பு, இரண்டாம் பால் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். தீயைக் குறைத்துவிட்டு முதல்பால். ஓரத்தில் நுரை கூடி நடுவுக்கு வரத் தொடங்கும்போது அணைத்துவிட வேண்டும். குமுறிக் கொதித்தால் எண்ணெய் தனியே, தண்ணீர் தனியே பிரியும். கொதிக்கும்போது எலுமிச்சை விட்டாலும் அதே கதி, ஆறியபின்தான் விடவேண்டும். பாக்கெட்டில் வரும் தேங்காய்ப்பால் அவ்வளவு சீக்கிரம் திரியாது, கலவை பிரியாமலிருக்க அதில் பொருள் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் சொதிக்கு அந்த மணம் வராது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல் இல்லாமல் சொதி பரிமாறுவது சரியில்லை.

பரங்கிப் பிஞ்சுப் பால்கூட்டு, பாயசம் இரண்டிலும் இதே ஒழுங்குதான். கருப்பட்டியை முதலில் பாகாக்கி வடிகட்டி, இறக்கியபின் முதல்பால்.

நெய்க்குத் தனி மாற்று தேடி அலைய வேண்டாம். பருப்புச் சோறு, பொடி, துவையலுக்குச் செக்கு நல்லெண்ணெய். கூட்டு, அவியலுக்குத் தேங்காயெண்ணெய். பொரியலுக்குக் கடலெண்ணெய். வெண்பொங்கல் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஒரு டம்ளர் அரிசிக்கு 3 மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் மிளகு, சீரகம், முந்திரி, இஞ்சி தாளித்து, ஐந்தாறு ஊறிய முந்திரியை அரைத்துக் கலந்தால் வழவழப்பு வந்துவிடும். நெய் மணம் வராது, அதை எதிர்பார்க்கவும் கூடாது.

கீரை

முளைக்கீரை விதைத்த 21 முதல் 25 நாளில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரை கிள்ளக் கிள்ள வரும். கீரையை மூடாமல் வேகவைத்தால் பச்சை நிறம் நிற்கும், மூடினால் பழுப்பாகும். தண்ணீர் கால் டம்ளருக்கு மேல் வேண்டாம், 5 முதல் 7 நிமிடம் போதும். பெரிய கட்டு வெந்தால் ஒரு கை அளவுதான் மிஞ்சும் என்பதால் உப்பு கடைந்தபின்தான். மிக்சியில் அடித்தால் பசையாகிவிடும், மத்துதான் சரி. முருங்கைக்கீரையை மட்டும் கடைய வேண்டாம். வதக்கி, வறுத்துப் பொடித்த வேர்க்கடலை 2 மேசைக்கரண்டி தூவுங்கள்.

பாலை விட்டவர்கள் சுண்ணாம்புச்சத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை மூன்றையும் வாரத்தில் பல நாள் சேர்க்க வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் கால்சியம் உண்டு. பி12 வைட்டமின் மட்டும் எந்தக் காயிலும் கீரையிலும் நம்பும்படி கிடையாது. முழு வீகனாக இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையாக எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மார்கழி மொச்சை

வேலூர், திருவண்ணாமலைப் பக்கங்களில் மார்கழி, தை மாதங்களில் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்காத வீடு குறைவு. உரித்த பச்சைமொச்சை இரண்டு டம்ளரை இரவில் தண்ணீரில் போட்டுவிடுங்கள். காலையில் தோல் உப்பித் தளர்ந்திருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு நசுக்கு நசுக்கினால் பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். நாலு பேர் உட்கார்ந்தால் கால் மணி நேர வேலை. தனி ஆள் என்றால் முதல்நாள் இரவே மாவு அரைக்கும் வேலையெல்லாம் முடித்துவையுங்கள். வெயில் நாளில் ஊறவைத்தால் நடுவில் தண்ணீர் மாற்றாவிட்டால் வாடை அடிக்கும்.

தோல் போன பருப்பு சீக்கிரம் வேகும். இரண்டு டம்ளர் தண்ணீரில் மஞ்சள் போட்டு 8 முதல் 10 நிமிடம். ஒன்றை எடுத்து அழுத்தினால் நசுங்க வேண்டும், ஆனால் சட்டியில் உருவம் குலையக் கூடாது. குக்கர் வேண்டாம், ஒரு விசில் கூடினால் கூழ். இன்னொரு சட்டியில் 3 மேசைக்கரண்டி கடலெண்ணெய், பட்டை, கிராம்பு, பெரிய வெங்காயம் ஒன்று, தக்காளி இரண்டு, ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு மேசைக்கரண்டி மல்லித்தூள். எண்ணெய் பிரிந்ததும் வெந்த பருப்பைத் தண்ணீரோடு கொட்டி உப்புப் போடுங்கள். பருப்பை நேரே தக்காளியில் போட்டு வேகவைத்தால், முன்னே சொன்ன புளிப்புக் கதைதான், நறுக் நறுக்கென்று கடிபடும். கடைசியாக அரை டம்ளர் தேங்காய், ஒரு தேக்கரண்டி சோம்பு, ஒரு தேக்கரண்டி கசகசா, ஆறு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி அரைத்த விழுதை ஊற்றி ஐந்தாறு நிமிடம். அமீரகம் போல கசகசாவுக்குத் தடை உள்ள நாடுகளில் ஆறு முந்திரி. கொல்லையில் நாலு கத்தரி இருந்தால் மசாலாவோடு வதக்கிக்கொள்ளலாம். இட்லிக்கும் சுடுசோற்றுக்கும் ஒரே குழம்பு போதும்.

மிஞ்சினால் வத்தல்

மாசி வெயில் ஏறும்போது செடிகள் ஓயும் நேரம், கடைசிக் காய்கள் ஒரேயடியாக வரும். கொத்தவரை ஒரு கிலோவுக்கு 3 மேசைக்கரண்டி உப்பு, எலுமிச்சை அளவு புளி கரைத்த தண்ணீரைக் கொதிக்கவிட்டு, காயைப் போட்டு மூன்று நிமிடத்தில் வடித்துப் பாயில் பரப்புங்கள். சுண்டைக்காயை நசுக்கி அதே போன்ற புளி உப்புத் தண்ணீரில் இரவு ஊறவைத்து, பகலில் காயவைத்து, மாலையில் மறுபடி அந்தத் தண்ணீரிலேயே போடுங்கள். தண்ணீர் முழுக்க உறிஞ்சப்படும்வரை இப்படியே. மோர்மிளகாய்க்கு மோருக்குப் பதில் எலுமிச்சை: கால் கிலோ மிளகாய்க்கு ஆறு பழச் சாறு, 3 மேசைக்கரண்டி உப்பு. மிளகாயின் நடுவில் கீறாவிட்டால் உள்ளே புளிப்பு ஏறாது. நிலக்கடலைத் தயிரில் வத்தல் போட வேண்டாம், அதிலுள்ள எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். மணத்தக்காளிக்கு உப்பு மட்டும் போதும்.

மூன்று நான்கு வெயில் ஆனதும் ஒன்றை எடுத்து ஒடித்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் டப்பாவில் போடலாம். வளைந்தால் இன்னும் ஒரு வெயில்.